குலுங்காத வண்டி

மைத்துனன் லிங்கேஸ்வரன் புதுப் பிக்கப்பை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது சேது உள்ளே தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உறுமலைக் கேட்டதுமே வந்திருப்பது யார், எதற்காக என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் எழவில்லை. இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வண்டியைச் சூழ்ந்துவிட்டார்கள். அவருடைய மனைவி சந்திரிகா தம்பியின் வண்டிச் சக்கரத்தில் வைக்க எலுமிச்சம்பழம் தேடி அடுக்களையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

நல்ல ஆரஞ்சு நிறம். அகன்ற மார்பும் பருத்த சக்கரங்களுமாக, பாயப்போகும் விலங்கைப் போல நின்றது. அதற்குப் பக்கத்தில் சேதுவின் பழைய பிக்கப் நின்ற நிலை, கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளைக்கு அருகே கரண்டியோடு வந்து நின்றுவிட்ட சமையல்காரனைப் போல இருந்தது.

"எப்படி இருக்கு அத்தான்?" என்றான் லிங்கேஸ்வரன்.

சேது குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். பின்சக்கரங்களுக்கு மேலே பட்டை ஸ்ப்ரிங் இல்லை. சுருள் ஸ்ப்ரிங். குலுக்கலை வாங்கிக்கொள்ளும் தடித்த அப்சோபர். நிமிர்ந்து, "கலர்தான் கொஞ்சம் கண்ணக் கூசுது," என்றார்.

மலேசியாவின் பத்தாங் காலியில் சேதுவைத் தெரியாதவர்கள் குறைவு. வெளியேயிருந்து உலு யாம் சாலை வழியாக வருகிறவர்களுக்குக்கூட, செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு கிறீச்சிட்டபடி போகும் அந்த வெளிறிய பிக்கப்பைத் தெரிந்திருக்கும். ஐம்பத்தேழு வயது. புக்கிட் செராயா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தை விட்டதும் தோட்ட லோரியில் குலை ஏற்றும் ஆளாகச் சேர்ந்தார். லோரியின் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சில ஆண்டுகள். பிறகு டிராக்டர். அதில் இருக்கை என்று ஒரு தகரத் தட்டுதான் உண்டு. தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து, எல்லாரும் சாலையோரத் தரை வீடுகளுக்கு வந்த பிறகு, சிறுதோட்டக்காரர்களின் குலைகளை எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோக இந்தப் பிக்கப்பைப் பழையதாக வாங்கினார்.

அவர் வாழ்க்கை முழுவதையும் அவருடைய முதுகைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். செம்மண் பாதையின் ஒவ்வொரு குழியும் அங்கே வந்து தங்கியிருந்தது. பாரம் இருந்தால் அந்த வண்டி பசுமாடு. வெறுமனே வந்தால் முரட்டுக் குதிரை. பட்டை ஸ்ப்ரிங்கின் குணம் அது. சுமை இல்லாதபோது ஒரு சின்னக் கல்லுக்குக்கூடப் பின்பக்கம் எகிறும். சேதுவின் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. குழி வருவது கண்ணில் பட்டதும் பல் இறுகும், பிட்டம் இருக்கையிலிருந்து அரை அங்குலம் எழும்பும், அடி விழும், பிறகு எல்லாம் தளரும். இதை அவர் நினைத்துச் செய்வதில்லை. கண் இமைப்பதைப் போல நடந்துகொண்டிருந்தது.

லிங்கேஸ்வரன் சந்திரிகாவின் கடைசித் தம்பி. ரவாங் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளன். நல்ல பையன் என்று ஊரே சொல்லும். சேதுவும் சொல்லுவார். ஆனால் அவனுக்கு எது கிடைத்தாலும் அது தன் வாசல் வழியாகப் போய் அவன் வீட்டுக்குள் நுழைந்தது போலவே அவருக்குத் தோன்றும். அவன் வீட்டுக்குக் குளிர்சாதனம் வந்தபோது தோன்றியது. அவன் தலைமுடி இன்னும் கொட்டாமல் இருப்பதில்கூடத் தோன்றியது.

அன்று அவன் விடவில்லை. "ஏறுங்க அத்தான், ஒரு ரவுண்டு போவோம்லா," என்று கதவைத் திறந்துவிட்டான். ஊரார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேது ஏறினார்.

இருக்கை இரு விலாவையும் கட்டிப் பிடித்தது. லிங்கேஸ்வரன் ஒரு பொத்தானை அழுத்த, இயந்திரத்தின் குரல் தடித்தது. தார்ச்சாலை வளைவில் வண்டி சாயாமல், தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. இதெல்லாம் சேதுவுக்குப் பெரிதாகப் படவில்லை. காசு கொடுத்தால் எந்தக் காரும் இதைச் செய்யும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு மைத்துனன் வேண்டுமென்றே செம்பனைத் தோப்புக்குள் வண்டியைத் திருப்பினான்.

அந்தப் பாதை சேதுவின் பாதை. மழைத் தண்ணீர் அறுத்த பெரிய குழி ஒன்று பாலத்துக்கு முன்னால் இருக்கும். அவர் அங்கே ஒன்றாம் கியருக்கு இறங்குவார். இவன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. சேதுவின் பல் இறுகியது. பிட்டம் எழும்பியது. கை கதவின் கைப்பிடியைப் பற்றியது.

அடி விழவில்லை.

வண்டி ஒருமுறை மெல்லத் தாழ்ந்து, ஒருமுறை எழுந்து, அவ்வளவுதான் என்று நின்றுகொண்டது. கீழே சக்கரங்கள் என்னவோ பாடுபட்டுக்கொண்டிருந்தன. மேலே அவர்கள் இருவரும் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்தவர்களைப் போல நகர்ந்தார்கள். அடுத்த குழிக்கும் அவர் உடம்பு இறுகியது. அதுவும் வீணாகப் போயிற்று. ஓங்கிய கைக்குப் பயந்து குனிந்தவனை அடிக்காமல் சிரித்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது சேதுவுக்கு. நாற்பது ஆண்டுகளாகத் தன் முதுகு வாங்கிய அடியெல்லாம் வாங்கியே ஆகவேண்டியவை அல்ல என்று யாரோ காதில் சொன்னது போல.

"என்னா அத்தான், பேச்சையே காணோம்?"

"ஏசி ரொம்பக் குளிருது," என்றார் சேது.

அன்றிலிருந்து அவருக்குத் தன் வண்டியில் உட்காரப் பிடிக்கவில்லை. ஹாஜா பாயின் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது, கேட்காதவர்களிடம்கூட அந்த ஆரஞ்சு வண்டியின் குறைகளைச் சொன்னார். எண்ணெய் குடிக்கும் என்றார். டயர் தேய்ந்தால் வாங்கி மாளாது என்றார். குலை ஏற்றினால் பின்பக்கம் குந்திவிடும் என்றார். ஹாஜா பாய் கிளாஸைத் துடைத்தபடி, "நீங்க சொல்றதப் பாத்தா அந்த வண்டிய ரொம்பக் கவனிச்சுப் பாத்திருக்கீங்க போல," என்றார். சேது அதற்கப்புறம் நாலைந்து நாள் அந்தக் கடைக்குப் போகவில்லை.

இந்தப் பொறாமை இதோடு முடிந்திருக்கும். மாரியம்மன் திருவிழா வந்து அதை முடியவிடாமல் செய்தது.

தோட்டம் போனாலும் கோயில் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அம்மன் பிக்கப்பில் ஏறி, பழைய தோட்டப் பாதை வழியாக ஊரைச் சுற்றி வருவாள். அந்த வண்டி சேதுவின் வண்டி. வேறு நாட்களில் அவரைப் பார்த்து ஹார்ன் அடித்து ஒதுங்கச் சொல்கிறவர்கள், அன்றைக்கு அவர் வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைப்பார்கள். விரதமிருந்து, காலில் செருப்பில்லாமல், அவர் வண்டி ஓட்டிப் போகும்போது அவர் பெற்றோரைத் தெரிந்த கிழவிகள் வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அவருக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

ஊர்வலத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அம்மனின் பீடத்துக்கு அடியில், வண்டித் தளம் நிறைய அரிசி மூட்டைகளை அடுக்குவார்கள். வீடுகள் கூடிப் பெரிய மூட்டைகளாக வாங்கி, மஞ்சள் பூசிக் கொண்டுவந்து வைப்பார்கள். அம்மன் காலடியில் ஊர் சுற்றிய அந்த அரிசியைத்தான் மறுநாள் அன்னதானத்துக்குப் பொங்குவார்கள். ரவாங்கில் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள்கூட அந்த நாளுக்கு வந்து மூட்டை தூக்கினார்கள்.

அந்த வழக்கம் எப்படி வந்தது என்பது சேதுவுக்கு மட்டும் நினைவிருந்தது. அவர் வண்டியில் அம்மன் முதன்முதலாக ஏறிய ஆண்டு, மூட்டை எதுவும் கிடையாது. பீடமும் சிலையும் பட்டை ஸ்ப்ரிங்குக்கு ஒரு பாரமே அல்ல. வண்டி எகிறி எகிறிப் போய், பாலத்துக்கு முன்னால் கிரீடம் கழன்று பூசாரியின் மடியில் விழுந்துவிட்டது. அடுத்த ஆண்டு சேது வாய் திறக்காமல், கோயில் அன்னதானத்துக்கு வந்திருந்த அரிசி மூட்டைகளைத் தூக்கித் தளத்தில் போட்டார். வண்டி பசுமாடாகிவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு யாரோ ஒரு பெண் மூட்டைக்கு மஞ்சள் பூசினாள். அப்புறம் அது வழக்கம். அந்தக் காலத்துப் பூசாரி இறந்துபோனார். கமிட்டி மாறியது. இப்போதைய பூசாரி சோமு வந்தபோதே அது ஆதிகாலத்துச் சம்பிரதாயமாகிவிட்டிருந்தது.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கோயில் தலைவர் சிவநேசன் சேதுவின் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"சேதண்ணே, தப்பா நெனக்காதீங்க. இந்த வருஷம் லிங்கேஸ் தம்பி வண்டியில அம்மாவ ஏத்தலாம்னு பேசிக்கிட்டோம். ஒங்க வண்டி நல்ல வண்டிதான்லா. இருந்தாலும் அம்மா கொஞ்சம் குலுங்குறாங்க இல்ல?"

சந்திரிகா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். தம்பிக்குக் கிடைக்கிற பெருமையில் மலர்ந்த முகம், கணவனைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

"தாராளமா ஏத்துங்க," என்றார் சேது.

சிவநேசன் நிம்மதியாக எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "அரிசி மூட்டையெல்லாம் வழக்கம் போலதானே, அண்ணே?" என்று கேட்டார்.

சேதுவின் கண்ணுக்கு முன்னால் அந்தச் சுருள் ஸ்ப்ரிங் வந்தது. பாய்வதற்கும் குழியை விழுங்குவதற்கும் செய்தது அது. அவ்வளவு மூட்டை, மேலே பீடம், அதற்கும் மேலே சிலை, குடை, பூசாரி, கூட இரண்டு பேர். இவ்வளவையும் ஏற்றினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஹாஜா பாய் கடையில் ஊருக்கெல்லாம் சொன்னதும் அதைத்தான். சொல்லவேண்டிய இடத்தில் சொல்ல வாய் வரவில்லை.

"வழக்கம்னா வழக்கந்தானே," என்றார்.

ஊர்வலத்துக்கு முதல் நாள் லிங்கேஸ்வரன் வந்தான். வண்டியைக் கழுவி, மாவிலை கட்டியிருந்தான். முகத்தில் பயம் தெரிந்தது. "அத்தான், எனக்கு இதெல்லாம் புதுசு. ஓட்டுறப்ப என்னா பாக்கணும், சொல்லுங்க," என்று கேட்டான். சேது கொஞ்ச நேரம் யோசிப்பது போல இருந்துவிட்டு, "செருப்பக் கழட்டிட்டு ஓட்டு," என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஊர்வல நாள் மாலை வெயில் தாழ்ந்ததும் மூட்டைகள் ஏறின. ஏற ஏற வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. பீடத்தை ஏற்றி அம்மனை அமர்த்தியபோது ஆரஞ்சு வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்பாரம் கூடிய மாட்டுவண்டி இப்படித்தான் நிற்கும். யாரும் அதைக் கவனிக்கவில்லை. அலங்காரத்தைத்தான் பார்த்தார்கள். அப்படி ஓர் அழகு. நாதஸ்வரம் தொடங்கியது. சேது வேட்டியும் வெறுங்காலுமாகக் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்தார். அவர் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய நாளில் அவை சும்மா தொங்கின.

தார்ச்சாலையில் எல்லாம் நன்றாகப் போயிற்று. வீட்டுக்கு வீடு தேங்காய் உடைத்தார்கள். லிங்கேஸ்வரன் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டான். தன் இடத்தில் இன்னொருவன் உட்கார்ந்து கும்பிடு போடுவதைப் பார்ப்பது, தன் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொண்டு தன் எதிரிலேயே நடப்பது போலிருந்தது. "குலுங்கவே இல்ல பாருங்க," என்று யாரோ சொன்னது சேதுவின் காதில் ஈயமாக விழுந்தது.

செம்மண் பாதையில் இறங்கியதும் இடப்பக்கச் சக்கரம் தடத்தில் விழுந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. எழுந்தது. எழுந்த வேகத்தில் வலப்பக்கம் சாய்ந்தது. மறுபடி இடப்பக்கம். பழைய வண்டியைப் போல எகிறவில்லை. தொட்டிலைப் போல ஆடியது. நிற்க நேரம் பிடித்தது. அதற்குள் அடுத்த தடம். குடை மரக்கிளையில் உரசியது. மாலை அம்மனின் தோளிலிருந்து வழிந்தது. சோமு தீபத்தட்டை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பீடத்தைப் பிடித்துக்கொண்டார்.

சேதுவின் வயிற்றுக்குள் சர்க்கரைப் பொங்கல் போல ஏதோ இனித்தது.

"சேதண்ணன் வண்டியில இப்படி ஆடாது," என்றாள் பக்கத்தில் நடந்த ஒரு கிழவி. இன்னொருத்தி, ஆமாம், புது வண்டியை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை போல, என்றாள். இப்படி ஒரு பேச்சைக் கேட்கத்தான் அவர் இந்தப் பத்து நாளும் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த நேரத்தில் அவருக்கு அந்தக் குழி நினைவுக்கு வந்தது. குழிக்கு அப்பால் பாலம். பாலமென்றால் பெரிய பாலமல்ல. வாய்க்காலின் மேல் போட்ட சிமெண்டுத் தளம். கைப்பிடிச் சுவர் கிடையாது. குழியில் இறங்கிய வண்டி ஆட்டம் அடங்குவதற்கு முன்னாலேயே தளத்தின் மேல் ஏறிவிடும். ஆடிக்கொண்டே ஏறினால் பீடம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. பீடத்தோடு சோமுவும் போவார். இனிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

லிங்கேஸ்வரனின் முகம் பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. வியர்த்துக் கொட்டியிருந்தது. கண்ணாடி வழியாகக் கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தான். தன்னைத்தான் தேடுகிறான் என்று சேதுவுக்குப் புரிந்தது. பேசாமல் இருந்தாலும் யாரும் அவரைக் குற்றம் சொல்லப்போவதில்லை. பேசினால் அம்மன் அந்த வண்டியில் குலுங்காமல் போவாள். இந்த ஆண்டு மட்டுமல்ல, இனி எந்த ஆண்டும் அவளுக்குச் சேதுவின் வண்டி தேவைப்படாது.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் கை நீட்டி நின்றார். மேளம் நின்றது.

"மூட்டைய எறக்குங்க," என்றார்.

சிவநேசன் பதறிப்போனார். அம்மன் காலடி அரிசியை நடுவழியில் இறக்குவது அபசகுனம், வேண்டுமானால் மெதுவாக ஓட்டலாம் என்றார். நாலு பேர் அதை ஆமோதித்தார்கள். மூட்டை கொடுத்த வீட்டுப் பெண்கள் முகத்தைச் சுருக்கினார்கள்.

"சகுனம் கிகுனம் ஒண்ணும் இல்ல," என்றார் சேது. குரல் அவர் நினைத்ததைவிட உரக்க வந்தது. "என் வண்டி வெறுமனா வந்தா குதிக்கும். அத அமுக்கத்தான் அன்னிக்கி நான் மூட்டையத் தூக்கிப் போட்டேன். இது குதிக்காத வண்டி. இதுக்கு மூட்டை வேணாம்."

மேலேயிருந்து சோமு எட்டிப் பார்த்து, "அப்ப இத்தன வருஷமா நான் பூச போட்டது?" என்று கேட்டார்.

"என் ஸ்ப்ரிங்குக்குத்தான், சாமி."

மேளக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். அது தொற்றிக்கொண்டு கூட்டமே சிரித்தது. சிவநேசன் மட்டும் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இளவட்டங்கள் தளத்தில் ஏறிப் பக்கவாட்டில் மூட்டைகளை உருவினார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் ஆரஞ்சு வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. மூட்டைகளை வழியில் போடக்கூடாது என்பதால் சேது வீட்டுக்குப் போய்த் தன் பிக்கப்பை எடுத்து வந்தார். செருப்பில்லாமல்தான் ஓட்டி வந்தார்.

மூட்டைகள் அதில் ஏறும்போது லிங்கேஸ்வரன் இறங்கி அருகில் வந்தான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா, அத்தான். நான் கேட்டேன்ல?"

"சொல்லியிருக்கலாம்," என்றார் சேது.

அவன் திரும்பிப் போய் வண்டியில் ஏறினான்.

ஆரஞ்சு வண்டி குழியில் இறங்கியது. ஒருமுறை தாழ்ந்தது. ஒருமுறை எழுந்தது. பாலத்தைக் கடந்து போயிற்று. அம்மனின் மூக்குத்தி விளக்கொளியில் மின்னியது, ஆடவில்லை. பின்னால் அரிசியோடு வந்த சேதுவின் கால், முன்வண்டி ஒவ்வொரு குழியை நெருங்கும்போதும் தானாகப் பிரேக்கை அழுத்தியது. அழுத்தவேண்டிய அவசியமே இல்லாதபடி அந்த வண்டி முன்னால் வழுக்கிக்கொண்டு போயிற்று. அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. முதல் தெருத் திருப்பத்தில் வண்டி ஆடுகிறது என்று முதலில் சொன்ன கிழவி அவர் வண்டியையும் நிறுத்தி, மூட்டைகளுக்குக் கற்பூரம் காட்டினாள். ஸ்ப்ரிங்குக்குத்தான் என்று சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். அரிசி அரிசிதானே என்றாள்.

மறுநாள் அன்னதானம் முடிந்து பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. சேதுவின் பிக்கப் கோயில் வாசலிலேயே சும்மா நின்றது. இருந்தும் அவர் மைத்துனனிடம் போய், "மாப்ள, ஒன் வண்டிச் சாவியக் குடு. அண்டா உரசினா ஒன் வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். லிங்கேஸ்வரன் அவர் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தான்.

பாத்திரக்காரர் வீடு தார்ச்சாலையில் இருந்தது. சேது தோப்பு வழியாகப் போனார். வரும்போது அண்டாக்கள் இல்லை. அந்தப் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தி, பெரிய குழிக்கு நேராக விட்டார். மறுபடி திரும்பிப்போய் இன்னொருமுறை விட்டார். அவர் திரும்பி வந்தபோது கோயிலைக் கூட்டிக் கழுவி முடித்திருந்தார்கள்.

"எங்கங்க போனீங்க இவ்வளவு நேரம்?" என்றாள் சந்திரிகா.

"வண்டியா இது? சீட்டு ரொம்ப மெத்துனு இருக்கு. ஓட்டுற மாதிரியே இல்ல," என்று சாவியை அவளிடம் கொடுத்தார்.

பிறகு அவளைத் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். கோயில் வாசலைத் தாண்டியதும் ஒரு சின்னக் குழி. அவர் பார்த்தார். பல் இறுகவில்லை. பிட்டம் எழும்பவில்லை. இத்தனை ஆண்டுகள் பழகிய உடம்பு அன்றைக்கு எதையும் செய்ய மறந்துவிட்டது. அடி முழுதாக முதுகில் விழுந்தது.

"என்னாச்சு?" என்று கேட்டாள் சந்திரிகா.

"ஒண்ணும் இல்ல," என்றார் சேது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த குழிக்குத் தயாரானார்.